மழை பொய்த்த ஊரில் வங்கி நிற்குமா?

தம்பியின் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் படிவப் பொருளாதாரப் பாடத்தில், அமெரிக்காவில் 1920களிலும் 1930களிலும் சின்ன ஊர் வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்ட கதையைப் படித்திருக்கிறார். மழை இல்லை, விளைச்சல் இல்லை, ஜனங்கள் பயந்துபோய்ப் பணத்தை எடுத்தார்கள், வங்கி விழுந்தது என்று புத்தகம் இரண்டு வரியில் முடித்துக்கொண்டதாம். மழைக்கும் வங்கிக்கும் என்ன சம்பந்தம், அந்த ஜனங்கள் ஏன் அப்படி முட்டாள்தனமாக ஓடினார்கள், நம்ம ஊரான சுங்கை சிப்புட்டில் அப்படி நடக்குமா, பாட்டி சேர்த்து வைத்திருக்கும் பணத்துக்கு ஆபத்து உண்டா என்று கேட்டிருக்கிறார்.

1982ல் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, 33 வருஷம் மலேசியாவில் நம்ம பேராக் மாநிலத்துச் சின்ன ஊர்க் கிளைகளிலேயே பணம் எண்ணியவன் நான். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லியாக வேண்டும். ‘முட்டாள்தனம்’ என்ற சொல்லுக்குப் பிறகு வருகிறேன். அதைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

கவுண்டரில் கட்டிய பணம் நம் பெயர் எழுதிப் பெட்டகத்தில் இருக்கும் என்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 100 வெள்ளி கட்டினால், ஒரு கணக்குக்குச் சொல்கிறேன், 10 வெள்ளி கையிருப்பில் இருக்கும். இன்னும் கொஞ்சத்தை வேறொரு பெரிய வங்கியில் போட்டு வைத்திருப்பார்கள். மிச்சமெல்லாம் கடனாக வெளியே போயிருக்கும். கடன் திரும்பி வர வருஷக்கணக்கு ஆகும். கட்டியவரோ நாளைக் காலையிலேயே வந்து கேட்கலாம், கேட்டால் கொடுத்தாக வேண்டும். எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

இப்போது ஓர் ஊரை மனத்தில் வையுங்கள். ஊருக்கு ஒரே வங்கி, அதற்கு வேறு எங்கேயும் கிளை கிடையாது. சுற்றி நாலு தோட்டம், கொஞ்சம் சிறு தோட்டக்காரர்கள். பணம் கட்டுகிறவர்கள் யார்? சம்பள நாளில் மிச்சம் பிடிக்கும் தோட்டத்து ஜனங்கள், மளிகைக் கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். கடன் வாங்குகிறவர்கள் யார்? மறுநடவு செய்யும் சிறு தோட்டக்காரர், தோட்டத்து ஆட்களுக்குக் கணக்கில் சாமான் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அதே மளிகைக் கடைக்காரர், செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர். மழை பொய்க்கிறது. குலை குறைகிறது, வேலை நாள் குறைகிறது. கட்டியவர்கள் அரிசி வாங்கச் சேமிப்பிலிருந்து எடுக்கிறார்கள். கடன் வாங்கியவர்களால் தவணை கட்ட முடியவில்லை. வெளியே போகிற பணம் கூடுவதும் உள்ளே வருகிற பணம் குறைவதும் ஒரே மாதத்தில் நடக்கிறது. இதுவரைக்கும் யாரும் பயப்படவில்லை, ஒரு வரிசைகூட நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வங்கி அதற்குள்ளேயே மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது.

இதுதான் அமெரிக்கக் கோதுமை ஊர்களில் நடந்தது. 1920களின் தொடக்கத்தில் அந்த நாட்டில் ஏறக்குறைய 30,000 வங்கிகள் இருந்தன. 1900ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 3,000 பேருக்கு மேற்படாத ஊரில் 25,000 டாலர் முதலோடு ஒரு தேசிய வங்கியே திறக்கலாம். மாநிலச் சட்டத்தின் கீழ் அதைவிடக் குறைவான முதலோடும் திறந்தார்கள். கிளை திறக்கத்தான் பல மாநிலங்களில் அனுமதி இல்லை. பெரிய நகரத்து வங்கி நம் ஊருக்குள் வந்து பணத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விலை பின்னால் தெரிந்தது.

முதல் உலகப் போர்க் காலத்தில் கோதுமை ஒரு புஷெல் (அங்கே தானியம் அளக்கும் அளவு) 2 டாலருக்கு மேல் விற்றது. அந்த விலை அப்படியே நிற்கும் என்று நம்பி விவசாயிகள் கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள், வங்கிகளும் அதே நம்பிக்கையில் கொடுத்தன. 1921 முடிவதற்குள் விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மொண்டானா மாநிலத்தில் 1917லிருந்தே வறட்சி. விளைந்தவனுக்கு விலை இல்லை, விலை இருந்த காலத்தில் இவனுக்கு விளையவே இல்லை. சில வருஷங்களுக்குள் அந்த மாநிலத்து வங்கிகளில் பாதி மூடப்பட்டன. நாடு முழுக்க 1921லிருந்து 1929க்குள் 5,000க்கு மேல். அது அமெரிக்கா செழிப்பாக இருந்ததாகச் சொல்லும் காலம். நியூயார்க்கில் பங்கு விலை ஏறிக்கொண்டிருந்தபோது கோதுமை ஊர்களில் வங்கிக் கதவில் பூட்டு தொங்கியது. ஆக, புத்தகம் சொல்லும் ‘வறட்சி’ பாதி உண்மை. விலை வீழ்ச்சியும் கடனும் முன்னமே அடித்தளத்தை அரித்துவிட்டிருந்தன.

வறட்சி மட்டும் வங்கியைக் கொல்லாது என்பதற்கு எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கனடாவின் சஸ்காச்சுவானிலும் அதே கோதுமை, அதே வறட்சி, 1930களில் அதே புழுதிப் புயல். கனடாவில் இருந்தவை பத்து வங்கிகள்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாடு முழுக்கக் கிளைகள். பல கிளைகளை மூடினார்கள். 1930களின் பொருளாதார மந்த காலத்தில் ஒரு வங்கிகூட விழவில்லை. சஸ்காச்சுவானில் வராத கடனை டொரோண்டோவிலும் மொன்றியலிலும் வந்த கடன் தாங்கியது. (கிளை இருந்தால் எல்லாம் சரி என்றும் இல்லை. நிர்வாகச் சீர்கேட்டால் ஹோம் பேங்க் என்ற கனடிய வங்கி 1923ல் விழத்தான் செய்தது.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடப் புத்தகங்கள் இதைத் தொடுவதே இல்லை. அமெரிக்காவில் எட்டு மாநிலங்கள், வங்கி விழுந்தால் கட்டியவர்களுக்குக் கொடுக்கப் பொது நிதி ஒன்றைத் தாங்களே ஏற்படுத்திப் பார்த்தன. 1907ல் ஒக்லஹோமா தொடங்கியது. நெப்ராஸ்கா, இரண்டு டக்கோட்டாக்கள், கன்சாஸ் எல்லாம் பின்தொடர்ந்தன. 1930க்குள் எட்டும் போய்விட்டன. காரணம் எளிது. அந்த நிதிக்குப் பணம் போட்ட வங்கிகள் எல்லாமே ஒரே வானத்தின் கீழ் இருந்தவை. ஒன்று விழும்போது மற்றவையும் தள்ளாடின, தாங்கிப் பிடிக்கக் கை எங்கே இருக்கும்? நம்ம பாட்டிகள் லயத்து வீடுகளில் கைமாற்று வாங்கிக்கொள்வார்களே, அது போலத்தான். ஒரு வீட்டில் அரிசி இல்லையென்றால் பக்கத்து வீட்டில் வாங்கலாம். தோட்டத்தில் சம்பளமே போடவில்லை என்றால் எந்த வீட்டில் போய் நிற்பது?

இப்போது வரிசைக்கு வருகிறேன்.

1931ல் யூட்டா மாநிலத்து ஒக்டன் என்ற ஊரில் ஒரு வங்கி கதவைத் திறக்கவில்லை. அடுத்திருந்த வங்கியின் தலைவர் மேரினர் எக்கல்ஸ். தன் வங்கிக்கும் கூட்டம் வரும் என்று அவருக்குத் தெரியும். காலையில் கவுண்டர் ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: கேட்டவருக்கெல்லாம் கொடுங்கள், ஆனால் மெதுவாகக் கொடுங்கள், சின்ன நோட்டாக எண்ணுங்கள், நன்றாகத் தெரிந்த முகமானாலும் கையெழுத்து அட்டையை எடுத்துப் பாருங்கள். சால்ட் லேக் சிட்டியிலிருந்த மத்திய வங்கிக் கிளையிலிருந்து காவலோடு பணம் வந்து இறங்கியது, கூட்டம் பார்க்கும்படியாகவே. எக்கல்ஸ் கவுண்டர் மேல் ஏறி நின்று, பணம் வந்துவிட்டது, வழக்கமான நேரத்தில் மூட மாட்டோம் என்று சொன்னார். கூட்டம் தணிந்தது, வங்கி பிழைத்தது. அந்த மனிதர்தான் 1934க்குப் பிறகு அமெரிக்க மத்திய வங்கிக்கே தலைமை தாங்கினார்.

அந்தக் கதையைக் கவுண்டரில் உட்கார்ந்தவனாக நான் படிக்கும்போது மனத்தில் நிற்பது அவருடைய சாமர்த்தியம் அல்ல. வரிசையில் நின்றவர்களின் நிலைமைதான். வங்கியில் விதி ஒன்றுதான்: முன்னால் வந்தவருக்கு முழுப் பணம், பின்னால் வந்தவருக்கு மிச்சம் இருந்தால். வங்கி நல்ல வங்கியாகவே இருக்கட்டும். மற்றவர்கள் எடுக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தால், நான் எடுக்காமல் இருப்பதால் வங்கியைக் காப்பாற்ற முடியாது, என் பணத்தைத்தான் இழப்பேன். அதனால் ஓடுவதுதான் புத்தி. ஒவ்வொருவரும் புத்தியோடு நடந்து, எல்லாரும் சேர்ந்து வங்கியைச் சாய்த்துவிடுகிறார்கள். 1930 நவம்பரில் நாஷ்வில்லில் கால்டுவெல் என்ற நிறுவனம் சரிந்தபோது அதோடு தொடர்புள்ள 100க்கு மேற்பட்ட வங்கிகள் டென்னசி, அர்கன்சா, கென்டக்கி என்று மூடிக்கொண்டு போயின. அர்கன்சாவில் அந்த வருஷம் கடும் வறட்சி. எது தாங்கும், எது தாங்காது என்று வாசலில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

எனக்கு இது 1986ல் வீட்டுக்குள்ளேயே வந்தது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 4,000 வெள்ளி சேர்த்து, டெபாசிட் வாங்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் போட்டிருந்தார். வங்கியைவிட வட்டி கூட. அதைவிட முக்கியம், அங்கே இருந்த பையன் பாரத்தைத் தானே நிரப்பிக் கொடுப்பான், அம்மா கைரேகை வைத்தால் போதும். நான் வேலை செய்த வங்கியில் அவருக்குக் கூச்சம். ஆகஸ்ட் முதல் வாரம், வேறொரு சங்கத்தில் பணம் கொடுக்கவில்லையாம் என்று மார்க்கெட்டில் பேச்சு. புதன்கிழமை ராத்திரி அம்மா என்னிடம் கேட்டார், “போய் எடுத்துறட்டுமாடா?” நான் வங்கிக்காரன். எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. “எல்லாரும் ஓடுறாங்கன்னு நீங்களும் ஓடாதீங்கம்மா, இப்படி ஓடித்தான் நல்ல எடமும் கெட்டுப்போவுது” என்றேன்.

மறுநாள் அவருக்கு மனசு கேட்கவில்லை. வெட்டு முடித்து, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, உடுப்புகூட மாற்றாமல் பஸ் ஏறிப் போயிருக்கிறார். ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில் பாஸ் புக்கைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு. கையில் ஒட்டுப்பால் கறை. அவருக்குக் கிடைத்த எண் அட்டை 140க்கு மேல். மூன்று மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டார்கள். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 8ஆம் தேதி, 23 சங்கங்களின் நடவடிக்கையை நம் நாட்டு மத்திய வங்கியான பேங்க் நெகாரா நிறுத்தி வைத்தது. அதற்கு முன்னே நிறுத்தப்பட்ட ஒன்றோடு சேர்த்து 24. நாடு முழுக்க 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பணம் முடங்கியது.

அந்தச் சங்கங்கள் விழுந்தது வறட்சியால் இல்லை. கட்டியவர்கள் பணத்தை நிலத்திலும் கட்டடத்திலும் பங்கிலும் கொட்டியிருந்தார்கள், நிர்வாகிகள் தங்களுக்கே கடன் எடுத்திருந்தார்கள். 1985ல் ஈய விலை சரிந்து, ரப்பரும் செம்பனை எண்ணெயும் சேர்ந்து இறங்கி, நிலத்தின் விலையும் விழுந்தபோது எல்லாம் வெளியே வந்தது. அம்மாவுக்குப் பணம் திரும்பி வந்தது, பகுதி ரொக்கமாக, பகுதி பங்குத்தாளாக, வருஷக்கணக்கில் தவணையாக. புதன்கிழமை ராத்திரி நான் தடுக்காமல் இருந்திருந்தால் வியாழக்கிழமை காலையிலேயே முதல் ஆளாக நின்றிருப்பார். அதனால்தான் தம்பி, வரிசையில் நின்றவர்களை முட்டாள் என்று யார் எழுதினாலும் எனக்கு ஒப்பவில்லை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் அவர் கணக்கு சரி. தவறு என்னுடையது.

இதே விஷயம் நம் ஜனங்களுக்கு இன்னும் பழையது. இலங்கையில் காப்பித் தோட்டங்களில் 1869ல் இலைத்துரு நோய் வந்து, பதினைந்து வருஷத்தில் காப்பியே அழிந்துபோனது. அந்தத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் 1884 மே மாதம் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அங்கே மக்கள் கையில் புழங்கிய நோட்டு பெரும்பாலும் அந்த வங்கி அச்சிட்டது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தார். பீதி அடங்கியது அந்த ஒரு வார்த்தையால்தான்.

அமெரிக்காவும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தது. 1933 மார்ச் 6ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் நாட்டு வங்கிகள் எல்லாவற்றையும் மூடினார். சோதித்து, தாங்கக்கூடியவற்றை ஒரு வாரம் கழித்துத் திறந்தார்கள். எடுத்துப்போன பணத்தைத் திரும்பக் கட்ட ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். 1934 ஜனவரி 1லிருந்து நாடு தழுவிய வைப்புக் காப்புறுதி, அதாவது வங்கி விழுந்தாலும் கட்டியவருக்குப் பணம் கிடைக்கும் ஏற்பாடு, முதலில் ஒருவருக்கு 2,500 டாலர் வரை. 1933ல் மூடப்பட்டவை சுமார் 4,000 வங்கிகள். 1934ல் காப்புறுதி உள்ளவற்றில் விழுந்தவை ஒன்பது. நான் உங்கள் வாத்தியாராக இருந்தால் இந்த வருஷத்தைத்தான் கரும்பலகையில் எழுதுவேன், ஏனென்றால் 1934 அந்த நூற்றாண்டிலேயே மிகக் கொடிய வறட்சி ஆண்டுகளில் ஒன்று. வானம் மாறவில்லை. நலிந்த வங்கிகள் முன்னமே கழிக்கப்பட்டிருந்தன, அது ஒரு காரணம். மற்றது, ஓட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போனது.

சரி, நம்ம ஊர். 2015, 2016ல் மழையைக் குறைக்கும் எல் நினோ வந்தது நினைவிருக்கும். செம்பனையில் வறட்சி உடனே தெரியாது. மரம் பெண் பூவைக் குறைத்துக்கொள்ளும், குலை குறைவது மாதங்கள் கழித்து, சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் தெரியும். நாட்டின் எண்ணெய் உற்பத்தி 2015ல் 1 கோடியே 99 லட்சம் டன் இருந்தது 2016ல் 1 கோடியே 73 லட்சமாக இறங்கியது. சிறு தோட்டக்காரர்கள் பலர் தவணையைத் தள்ளிப்போடச் சொல்லி வந்து உட்கார்ந்ததாகக் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். வங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. சுங்கை சிப்புட்டில் இருப்பது நூற்றுக்கணக்கான கிளைகளில் ஒன்று. அந்த வங்கி கொடுத்த கடன் பெரும்பாலும் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் வீடாகவும் காராகவும் இருக்கிறது.

அதற்கு மேல் மலேசிய வைப்புக் காப்புறுதிக் கழகம், எல்லாரும் பி.ஐ.டி.எம் என்று சொல்வது, 2005ல் வந்தது. முதலில் 60,000 வெள்ளி வரை. 2008 நெருக்கடியில் அரசாங்கம் இரண்டு வருஷத்துக்கு முழுத் தொகைக்கும் பொறுப்பேற்றது. அது முடிந்த பிறகு ஓர் உறுப்பு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை. விண்ணப்பிக்க வேண்டாம், கட்டணம் இல்லை. அதற்கு முன்பு, 1998 ஜனவரியில் நிதி நிறுவனங்களிலிருந்து ஜனங்கள் பணத்தை எடுக்கத் தொடங்கியபோது, பேங்க் நெகாரா எல்லா வைப்புக்கும் உத்தரவாதம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. எங்கள் கிளைக்கு அந்த வாரம் நிதி நிறுவனங்களில் இருந்து எடுத்த பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள், எண்ணி முடிக்க ராத்திரி ஆனது.

ஆபத்து இன்றைக்கு அந்தப் பெரிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இல்லை, அதற்கு வெளியே இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களில் போடும் டெபாசிட்டுக்கு இந்தக் காப்புறுதி கிடையாது. தங்க முதலீட்டுத் திட்டங்களுக்குக் கிடையாது, யூனிட் டிரஸ்டுக்கும் கிடையாது. கூட்டுச் சீட்டு 1971லேயே சட்டம் போட்டுத் தடை செய்யப்பட்டது, ஆனாலும் லயத்திலும் தாமானிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரே தோட்டத்தில் சம்பளம் வாங்கும் இருபது பேர் போடும் சீட்டு அந்த மொண்டானா வங்கியேதான். தோட்டம் வேலை நாளைக் குறைத்தால் இருபது பேரும் ஒரே மாதம் தடுமாறுவார்கள், மூன்றாவது மாதம் எடுத்தவருக்குக் கவலையில்லை, பதினெட்டாவது மாதத்துக்குக் காத்திருப்பவர் பாவம்.

கூட்டுறவு என்றாலே பயப்படுங்கள் என்று சொல்லவில்லை. நம்ம ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960ல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத்து ஜனங்கள் மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அது பங்கு. நாளைக் காலையில் கொடு என்று கேட்கும் டெபாசிட் இல்லை, அதனால் ஒரு வதந்தியால் அதைச் சாய்க்க முடியாது. நிலத்தை வாங்கப் போட்ட பணம் நிலத்தைப் போலப் பொறுத்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தருகிறேன் என்று வாங்கி, இருபது வருஷத்தில் காய்க்கும் இடத்தில் போட்டு வைப்பதுதான் ஆபத்து.

பாட்டியின் பணத்துக்கு வருகிறேன். அவருடைய புத்தகத்தை வாங்கி அட்டையில் என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். வங்கியா, சங்கமா, வேறு ஏதாவது கம்பெனியா? அந்த இடத்து வாசலில் பி.ஐ.டி.எம் உறுப்பினர் அடையாளம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், போட்டிருக்கும் தொகை எவ்வளவு, எதற்காகச் சேர்த்தார் என்று அவரிடமே கேளுங்கள், அவசரத்துக்கான பணமென்றால் அங்கே இருக்க வேண்டாம். அவரை மிரட்ட வேண்டாம், ஊரில் சொல்லிக்கொண்டும் திரிய வேண்டாம். ஆனால் என்றைக்காவது ராத்திரி அவர் உங்களிடம் வந்து, போய் எடுத்துவிடட்டுமா என்று கேட்டால், தடுக்காதீர்கள். காலையில் கதவு திறப்பதற்கு முன்னாலேயே கூட்டிக்கொண்டு போய் நில்லுங்கள்.